வெளிநாட்டில் குடியேறுகிறீர்களா? இடைவெளி விழாமல் மருத்துவக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

வேலைக்காக வேறு நாட்டுக்குப் போனபோது, சேர்ந்த அன்றே நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு தொடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அது அடுத்த மாதம் முதல் தேதியில்தான் தொடங்கும் என்பது, மகளுக்குக் காய்ச்சல் முற்றிய ஓர் இரவில், மருத்துவமனை வரவேற்பில் காப்பீட்டு எண்ணைக் கேட்டபோதுதான் தெரிந்தது. பழைய பாலிசியைக் கிளம்புவதற்கு முந்தைய வாரமே ரத்து செய்திருந்தேன். நடுவில் ஏறத்தாழ மூன்று வாரம் எங்கள் குடும்பத்துக்கு எந்தக் காப்பும் இல்லை. குழந்தை இரண்டு நாளில் தேறிவிட்டாள். அந்தக் கட்டணத்தைத் தவணையில் அடைத்து முடிக்க ஐந்து மாதம் ஆனது.

அதன்பிறகு, குடிபெயரும் நண்பர்கள் பலருடன் உட்கார்ந்து அவர்களுடைய பாலிசி ஆவணங்களைப் படித்திருக்கிறேன். அவர்களில் மட்டமான பாலிசியை வாங்கிச் சிக்கியவர்கள் குறைவு. ஒரு காப்பு முடிந்து இன்னொன்று தொடங்காத இடைவெளியிலோ, காப்பு இருந்தும் அந்த நோய்க்கு மட்டும் இல்லாத இடைவெளியிலோ விழுந்தவர்கள்தான் அதிகம். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இடைவெளிகளைத் தேடிப் பிடிப்பதாகவே இருக்கும். கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கினால் எல்லாப் படிகளையும் நிதானமாக முடிக்கலாம்.

படி 1: போகும் நாட்டின் சட்டம் உங்களிடம் என்ன கேட்கிறது?

காப்பீட்டு நிறுவனங்களின் இணையதளங்களைத் திறப்பதற்கு முன்பு உங்கள் விசாவின் வகையைப் பாருங்கள். ஒரே நாட்டுக்குப் போகும் மாணவர், ஊழியர், வாழ்க்கைத்துணை, ஓய்வுபெற்ற பெற்றோர் ஆகிய நால்வருக்கும் நான்கு வெவ்வேறு விதிகள் இருக்கலாம். சில நாடுகளின் நடைமுறையைப் பார்த்தால் வித்தியாசம் எவ்வளவு என்பது விளங்கும்.

பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசா கேட்பவர்களில் பெரும்பாலோர் விண்ணப்பத்தோடு சேர்த்தே சுகாதாரக் கூடுதல் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். 2024 பிப்ரவரி 6 முதல் அது பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட். மாணவர்களுக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் 776 பவுண்ட். விசாக் காலம் முழுவதற்குமான தொகையையும் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதால், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது பெரிய தொகை. கட்டிவிட்டால் தேசிய சுகாதாரச் சேவையில் சிகிச்சை கிடைக்கும். தனியார் காப்பீடு கட்டாயமில்லை. பல் சிகிச்சைக்கும், இங்கிலாந்தில் மருந்துச்சீட்டுக்கும் தனிக் கட்டணம் உண்டு.

ஜெர்மனியில் 2009 முதல் அங்கு வசிக்கும் அனைவருக்கும் காப்பீடு கட்டாயம். அரசுச் சட்டப்படியான காப்பீடு, தனியார் காப்பீடு என இரண்டு பாதைகள் உள்ளன. அரசுக் காப்பீட்டில் சந்தா வருமானத்தைப் பொறுத்தது. வருமானமில்லாத வாழ்க்கைத்துணையும் குழந்தைகளும் கூடுதல் சந்தா இல்லாமலே சேர்ந்துகொள்ளலாம். தனியார் காப்பீட்டில் வயதும் உடல்நிலையும் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சந்தா. இளைஞராக, தனியாக, நல்ல சம்பளத்தோடு போகிறவருக்குத் தனியார் மலிவாகத் தெரியும். ஆனால் 55 வயதைக் கடந்தபின் அரசுக் காப்பீட்டுக்குத் திரும்புவது ஏறக்குறைய முடியாத காரியம். படிக்கப் போகும் மாணவர் தொடக்கத்தில் அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்றால், அந்தப் படிப்பு முடியும்வரை அந்த முடிவை மாற்ற முடியாது. மாதம் சில பத்து யூரோ மிச்சம் என்று எடுக்கும் முடிவு பல ஆண்டுகள் கூடவே வரும். குடும்பத்தைப் பின்னால் அழைத்துக்கொள்ளும் எண்ணம் சிறிதேனும் இருந்தால் அரசுக் காப்பீட்டை முதலில் பரிசீலியுங்கள் என்பதே என் கருத்து.

நெதர்லாந்தில் குடியேறுபவரும் வேலை செய்பவரும் நான்கு மாதத்துக்குள் அடிப்படைக் காப்பீட்டில் சேர வேண்டும். படிப்புக்காக மட்டும் வந்த மாணவருக்கு இது பொதுவாகத் தேவையில்லை. ஆனால் அவர் பகுதிநேர வேலைக்குப் போகத் தொடங்கினால் கட்டாயமாகிவிடும். பலர் இதைத் தவறவிட்டு அபராதக் கடிதம் வந்தபிறகு விழித்துக்கொள்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் அவகாசம் மூன்று மாதம். அதற்குள் சேர்ந்தால் வந்திறங்கிய நாளிலிருந்தே காப்பு பின்தேதியிட்டுக் கிடைக்கும், சந்தாவும் அந்த நாளிலிருந்தே கணக்காகும். தாமதித்தால் சேர்ந்த நாளிலிருந்துதான் காப்பு, கூடவே கூடுதல் கட்டணமும் உண்டு. அங்கே அடிப்படைக் காப்பீட்டில் உங்கள் நோயைக் காரணம் காட்டி யாரும் மறுக்க முடியாது. நாள்பட்ட நோயோடு குடிபெயர்பவருக்கு இந்த ஒரு விதி பெரிய ஆறுதல்.

ஜப்பானில் மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் நிறுவனத்தின் வழியாகவோ உள்ளாட்சி அலுவலகத்தின் வழியாகவோ பொதுக் காப்பீட்டில் சேர வேண்டும். பெரும்பாலோர் சிகிச்சைச் செலவில் 30 சதவீதத்தைக் கையிலிருந்து தருவார்கள். ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகும் மாணவர்கள், சில நாட்டினர் நீங்கலாக, விசாக் காலம் முழுவதற்கும் வெளிநாட்டு மாணவர் காப்பீடு எடுத்தாக வேண்டும். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மீதி நாட்களோடு இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஒண்டாரியோ 2020இல் தன் மூன்று மாதக் காத்திருப்பை நீக்கிவிட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2025 ஜனவரி 1 முதல் எல்லா எமிரேட்டுகளிலும் தனியார் துறை ஊழியருக்கு முதலாளி காப்பீடு எடுத்துத்தர வேண்டும். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் எனப்படும் அடிநிலை, இடைநிலை வேலை அனுமதியில் இருக்கும் ஊழியர்களுக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர் மருத்துவக் காப்பு எடுக்க வேண்டும். உயர்நிலை வேலைகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவருக்குக் கிடைப்பது ஒப்பந்தத்தில் இருப்பது மட்டுமே.

அமெரிக்காவில் வேலை விசாவுக்குக் காப்பீடு நிபந்தனை இல்லை, ஆனால் காப்பீடு இல்லாமல் ஒரு நாள்கூட இருக்கக் கூடாத நாடு அதுதான். ஜே-1 பரிமாற்ற விசாவுக்கு மட்டும் தெளிவான கணக்கு உண்டு: ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர், அவசர மருத்துவ இடமாற்றத்துக்கு 50,000 டாலர், உடலைத் தாய்நாட்டுக்கு அனுப்ப 25,000 டாலர், நீங்கள் முதலில் ஏற்க வேண்டிய தொகை 500 டாலரைத் தாண்டக் கூடாது.

இந்தப் படியின் முடிவில் உங்கள் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காப்பு எவ்வளவு, சேர வேண்டிய கடைசித் தேதி எது, அரசுத் திட்டத்தில் சேரத் தகுதி உண்டா, உண்டென்றால் எந்த நாளிலிருந்து? தூதரகத்தின் பக்கத்திலும் அந்த நாட்டு அரசின் பக்கத்திலும் நேரடியாகப் பார்த்து எழுதுங்கள். தொகைகளும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. முகவர் வாய்மொழியாகச் சொன்னதை இந்தத் தாளில் சேர்க்க வேண்டாம்.

படி 2: மூன்று வகைக் காப்பீட்டையும் பிரித்தறியுங்கள்

பயணக் காப்பீடு என்பது சுற்றுலா போய்த் திரும்புகிறவருக்கானது. திடீரென்று வரும் நோயையும் விபத்தையும் சமாளித்து, ஆளைத் திரும்ப அனுப்பும் நிலைக்குக் கொண்டுவருவதே அதன் வேலை. வழக்கமான பரிசோதனை, தொடர் மருந்து, மகப்பேறு ஆகியவை அதில் பெரும்பாலும் இருக்காது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவுக்குக் கேட்கப்படும் 30,000 யூரோ காப்பீடு இந்த வகைதான். அதை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் குடியேறிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் செல்லுபடியாகும் ஐரோப்பிய சுகாதாரக் காப்பீட்டு அட்டையும் தற்காலிகமாகப் போய் வருகிறவருக்கானதே.

உள்நாட்டுக் காப்பீடு என்பது போகும் நாட்டில் வசிப்பவர்களுக்கான திட்டம். பொதுவாக அதுவே முழுமையானது, நீண்ட காலத்துக்கு நம்பத்தக்கது. அதன் குறை, எல்லையைத் தாண்டினால் காப்பு சுருங்கிவிடும் என்பது.

சர்வதேசக் காப்பீடு என்பது பல நாடுகளில் வேலைக்காக இடம்மாறுகிறவர்களை மனதில் வைத்து உருவானது. எந்த நாட்டுக்குப் போனாலும் கூட வரும். பிரீமியம் அதிகம். "அமெரிக்கா நீங்கலாக உலகம் முழுவதும்" என்ற வகையை எடுத்தால் கணிசமாகக் குறையும். விடுமுறைக்குத் தாய்நாட்டுக்கு வரும்போது எத்தனை நாளுக்குக் காப்பு உண்டு என்பதையும் இதில் பார்க்க வேண்டும். சில பாலிசிகள் அதற்குத் தனி வரம்பு வைத்திருக்கும்.

ஒரே நாட்டில் மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கப் போகிறீர்கள் என்றால் உள்நாட்டுக் காப்பீடு. இரண்டு ஆண்டுக்கொரு முறை நாடு மாறும் வேலை என்றால் சர்வதேசக் காப்பீடு. உள்நாட்டுக் காப்பு தொடங்கும்வரை உள்ள வாரங்களுக்கு மட்டும் பயணக் காப்பீடு. பெரும்பாலோருக்கு இதுவே போதுமான கணக்கு. ஒரு எச்சரிக்கை: திரும்பிவருவதற்கான பயணச்சீட்டு இல்லாதவர்களுக்கும், குடியேறப் போகிறவர்களுக்கும் சில பயணக் காப்பீடுகள் செல்லாது. "நான் நிரந்தரமாகக் குடிபெயர்கிறேன், முதல் இரண்டு மாதத்துக்கு மட்டும் வேண்டும்" என்று எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

படி 3: உங்கள் உடலின் வரலாற்றை எழுதுங்கள்

எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போகும் படி இது. என் பார்வையில் இதுதான் தேர்வின் மையம். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்த மருத்துவரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னார், எந்த மாத்திரையை எவ்வளவு நாள் எடுத்தீர்கள், எந்தப் பரிசோதனையில் எந்த எண் இயல்புக்கு வெளியே இருந்தது? ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி, மனச்சோர்வு என எதையும் சிறியது என்று விட்டுவிட வேண்டாம்.

தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கெனவே உள்ள நோய்களைப் பொதுவாக இரண்டு விதமாகக் கையாளும். ஒன்று, விண்ணப்பத்திலேயே முழு மருத்துவ வரலாற்றையும் கேட்டு, எதை ஏற்போம், எதை விலக்குவோம், எதற்குக் கூடுதல் பிரீமியம் என்று முன்கூட்டியே எழுதித் தந்துவிடுவது. மற்றொன்று, தொடக்கத்தில் எதையும் துருவாமல், கடந்த சில ஆண்டுகளில் அறிகுறி இருந்த எல்லா நோய்களையும் மொத்தமாக ஒதுக்கிவைப்பது. பாலிசி தொடங்கியபின் பெரும்பாலும் தொடர்ந்து 24 மாதம் அந்த நோய்க்கு அறிகுறியோ சிகிச்சையோ மருந்தோ இல்லாமல் இருந்தால் மட்டுமே அது காப்புக்குள் வரும்.

இரண்டாவது முறையில் விண்ணப்பம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அதனால் கவர்ச்சியாக இருக்கும். தினமும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவரை நினைத்துப் பாருங்கள். மருந்தில்லாத 24 மாதம் அவருக்கு வரவே வராது. அதாவது ரத்த அழுத்தமும், அதனால் வந்தது என்று நிறுவனம் சொல்லக்கூடிய பிற நோய்களும் அவருக்கு எப்போதும் காப்புக்கு வெளியே இருக்கலாம். தொடர் மருந்து எடுப்பவர்கள் முதல் முறையையே கேட்டுப் பெறுங்கள். கேள்விகள் அதிகம், மருத்துவ அறிக்கைகள் கேட்பார்கள், இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஆனால் எது உண்டு, எது இல்லை என்பது கிளம்புவதற்கு முன்பே கறுப்பு வெள்ளையாகத் தெரிந்துவிடும்.

எதையும் மறைக்காதீர்கள். சர்க்கரை நோயைச் சொல்லாமல் விட்டவருக்குக் காலில் அறுவைச் சிகிச்சை தேவைப்படும்போது, நிறுவனம் பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்கும். அந்தச் செலவைக் கேட்டு அவர் தரும் கோரிக்கை, அதாவது க்ளெய்ம், மறுக்கப்படுவதோடு பாலிசியே தொடக்கத்திலிருந்து செல்லாது என்று அறிவிக்கப்படலாம். அந்நிய மண்ணில், படுக்கையில் இருக்கும்போது அந்தக் கடிதம் வரும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

நாள்பட்ட நோய்க்குக் காப்பு உண்டு என்று எழுதியிருந்தாலும் அதன் பொருளைக் கேளுங்கள். நோய் திடீரென முற்றும்போது மட்டும் சிகிச்சை தந்து, மாதாந்திர மருந்துக்கும் மருத்துவர் சந்திப்புக்கும் பணம் தராத பாலிசிகள் உண்டு.

படி 4: பிரீமியத்தைத் தாண்டிக் கணக்குப் போடுங்கள்

பாலிசியின் உண்மையான விலை நான்கு எண்களில் இருக்கிறது. மாதப் பிரீமியம் ஒன்று. காப்பீடு பணம் தரத் தொடங்குவதற்கு முன் ஆண்டுதோறும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, அதாவது டிடக்டிபிள், இரண்டாவது. அதற்குப்பின் ஒவ்வொரு செலவிலும் உங்கள் பங்கு மூன்றாவது. அந்தப் பங்கு ஆண்டுக்கு எவ்வளவைத் தாண்டாது என்ற உச்சவரம்பு நான்காவது.

நாணயம் எதுவானாலும் ஓர் உதாரணம் போடுவோம். முதல் பாலிசியில் டிடக்டிபிள் 1,000, உங்கள் பங்கு 20 சதவீதம், உச்சவரம்பு 5,000. இரண்டாவதில் டிடக்டிபிள் 250, பங்கு 10 சதவீதம், உச்சவரம்பு 2,000. ஆனால் மாதம் 60 கூடுதல், ஆண்டுக்கு 720. இரண்டிலும் உச்சவரம்பு டிடக்டிபிளையும் சேர்த்தது. ஒரு முறை மருத்துவமனையில் சேர்ந்து 30,000 கட்டணம் வருகிறது. முதல் பாலிசியில் 1,000, மீதி 29,000இல் 20 சதவீதமான 5,800, ஆக 6,800. உச்சவரம்பு இருப்பதால் 5,000இல் நிற்கும். இரண்டாவதில் 250உம் 29,750இல் பத்து சதவீதமான 2,975உம் சேர்ந்து 3,225; உச்சவரம்பினால் 2,000இல் நிற்கும். நோய் வந்த ஆண்டில் இரண்டாவது பாலிசி, கூடுதல் பிரீமியத்தைக் கழித்த பிறகும், 2,280 மிச்சப்படுத்துகிறது. நோயே வராத ஆண்டில் 720 கூடுதல் செலவு.

இதில் எது சரி என்பது உங்கள் சேமிப்பைப் பொறுத்தது. புது நாட்டில் முதல் ஆண்டில் வீட்டு முன்பணம், பள்ளிக் கட்டணம், பயணம் எல்லாம் சேமிப்பைக் கரைத்திருக்கும். அந்த ஆண்டில் திடீரென்று 5,000 எடுத்துத் தர முடியாதவர்கள் டிடக்டிபிள் குறைந்த பாலிசியோடு தொடங்கி, கையில் பணம் சேர்ந்தபின் மாற்றிக்கொள்ளலாம். நெதர்லாந்தில் கட்டாயமாக ஏற்க வேண்டிய தொகை 385 யூரோ. சுவிட்சர்லாந்தில் பெரியவர்கள் 300 பிராங்கிலிருந்து 2,500 பிராங்க் வரை தாங்களே தேர்ந்தெடுக்கலாம். அதற்குமேல் 10 சதவீதப் பங்கு, அதுவும் ஆண்டுக்கு 700 பிராங்க் வரை. இப்படிச் சட்டமே எல்லை கட்டிய நாடுகளில் கணக்கு எளிது.

உச்சவரம்பு என்ற நான்காவது எண்ணே இல்லாத பாலிசிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். மறுபக்கத்தில், நிறுவனம் ஆண்டுக்குத் தரும் மொத்தத் தொகையின் வரம்பையும் பாருங்கள். துபாயின் அடிப்படைத் திட்டத்தில் அது ஆண்டுக்கு 1,50,000 திர்ஹாம். புற்றுநோய் சிகிச்சைக்கோ தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வாரம் இருப்பதற்கோ போதுமா என்று யோசித்துப் பார்க்க வேண்டிய எண் அது. இன்னொரு நுட்பம்: மொத்த வரம்பு பத்து லட்சம் என்று முன்பக்கத்தில் போட்டுவிட்டு, உள்ளே அறை வாடகைக்கும் ஸ்கேனுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் தனித்தனியாகச் சிறிய வரம்புகள் வைத்திருப்பார்கள். உங்களுக்கு உண்மையில் கிடைக்கப்போவது அந்த உள் வரம்புகள்தான்.

படி 5: விலக்குகள் பக்கத்தை முதலில் படியுங்கள்

விளம்பரச் சிற்றேட்டை ஒதுக்கிவிட்டு, முழுப் பாலிசி ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் விலக்குகள் என்ற பகுதியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படியுங்கள். கையில் படி 3இல் எழுதிய பக்கங்கள் இருக்கட்டும்.

காத்திருப்புக் காலத்தை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். மகப்பேறுக்கு சர்வதேசக் காப்பீடுகளில் பெரும்பாலும் 10 முதல் 12 மாதம், சிலவற்றில் அதற்கும் மேல். ஏற்கெனவே கருவுற்றிருப்பவருக்குப் புதிய தனியார் பாலிசியில் அந்தப் பிரசவம் அநேகமாகக் காப்புக்குள் வராது. இளம் தம்பதியர் இதைக் கிளம்பும் தேதியோடு சேர்த்தே திட்டமிட வேண்டும். நாட்டுக்கு நாடு ஏற்பாடும் வேறு: ஜப்பானில் இயல்பான பிரசவம் நோயாகக் கருதப்படாததால் வழக்கமான காப்பு அதற்கு இல்லை, பதிலாகப் பொதுக் காப்பீட்டிலிருந்து குழந்தைக்கு 5,00,000 யென் மொத்தமாகக் கிடைக்கிறது. ஆஸ்திரேலிய மாணவர் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள உடல்நோய்களுக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும்.

மனநல சிகிச்சை இருக்கிறதா, ஆண்டுக்கு எத்தனை சந்திப்பு என்று பாருங்கள். ஊரைவிட்டு உறவைவிட்டுப் போகும் முதல் ஆண்டில் தனிமை பலரை உலுக்கிவிடுகிறது. பல், கண் சிகிச்சைகள் பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டியவை. கிளம்புவதற்கு முன்பே பல் வேலைகளை முடித்துக்கொண்டு போனால் அந்தக் கூடுதல் பிரீமியத்தை ஓராண்டுக்காவது தள்ளிவைக்கலாம்.

படி 6: பணம் யார் கையிலிருந்து போகும்?

க்ளெய்ம் ஏற்கப்படும் என்பது ஒரு செய்தி. அதுவரை யார் பணம் கட்டுவது என்பது வேறு செய்தி. நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளில் கட்டணம் நேரடியாகச் செலுத்தப்படும். மற்ற இடங்களில் நீங்கள் கட்டிவிட்டு, ரசீதுகளை அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே நீங்கள் குடியிருக்கப் போகும் பகுதியின் பெயரைக் கொடுத்து, அங்கே ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளின் பட்டியலைக் கேளுங்கள். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான மருத்துவமனைகள் என்ற வாசகம், உங்கள் வீட்டிலிருந்து அரைமணி தூரத்தில் ஒன்றுகூட இல்லை என்றால் பயன்படாது. திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்கும் ஸ்கேனுக்கும் முன்அனுமதி தேவையா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்அனுமதி வாங்க மறந்ததற்காகவே தொகையைக் குறைக்கும் விதி பல பாலிசிகளில் இருக்கிறது.

அமெரிக்காவில் இது இன்னும் கூர்மையானது. 2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள சட்டம், அந்நாட்டு மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவரிடம், ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனை அவசர சிகிச்சைக்காகக் கூடுதல் தொகையைத் தனியே வசூலிப்பதைத் தடுக்கிறது. ஆனால் சாலையில் ஓடும் ஆம்புலன்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பயணக் காப்பீட்டோடு போனவருக்கும் அந்தச் சட்டம் துணைநிற்காது.

அவசர மருத்துவ இடமாற்றம் என்ற வரியையும் தேடுங்கள். நல்ல மருத்துவமனை இல்லாத தீவிலோ சுரங்கப் பகுதியிலோ வேலை என்றால், இதுவே பாலிசியின் மிக முக்கியமான வரி. இறந்தவரின் உடலைத் தாய்நாட்டுக்கு அனுப்பும் செலவும் அதோடுதான் வரும். பேச மனம் வராத விஷயம், ஆனாலும் வீட்டில் ஒருவருக்காவது அது எங்கே எழுதியிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

படி 7: பெற்றோரைத் தனியாக யோசியுங்கள்

நிறுவனக் காப்பீட்டில் வாழ்க்கைத்துணையும் பிள்ளைகளும் சேர்வார்கள். பெற்றோர் பெரும்பாலும் சேர மாட்டார்கள். அவர்களைச் சில மாதம் அழைத்து வைத்துக்கொள்ள விரும்பினாலும் கணக்கை முன்கூட்டியே போடுங்கள். கனடாவின் பெற்றோர், தாத்தா பாட்டிக்கான சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1,00,000 கனடிய டாலர் காப்பு, குறைந்தது ஓராண்டுக்கு, கட்டாயம். அமெரிக்காவில் பச்சை அட்டையோடு வரும் 65 வயதானவர், அங்கே வேலை செய்த வரலாறோ அதைக் கொண்ட வாழ்க்கைத்துணையோ இல்லாவிட்டால், ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்த பிறகே பணம் கட்டி, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் சேர முடியும். அந்த ஐந்து ஆண்டுக்கு வேறு காப்பு வேண்டும்.

பெற்றோருக்குப் பார்வையாளர் காப்பீடு வாங்கும்போது ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒரு வகை, மருத்துவர் சந்திப்புக்கு இவ்வளவு, அறைக்கு நாளுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை மட்டும் தரும். மலிவானது. கட்டணம் எவ்வளவு உயர்ந்தாலும் அது தரும் தொகை உயராது, மீதி முழுவதும் உங்கள் தலையில். இன்னொரு வகை, டிடக்டிபிளுக்குப் பின் செலவின் பெரும்பகுதியை வரம்புவரை ஏற்கும். வயதான பெற்றோருக்கு முதல் வகையை வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. விலை கூடினாலும் இரண்டாவதை வாங்குங்கள்.

படி 8: எழுத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

இரண்டு மூன்று பாலிசிகளாகச் சுருக்கியபின், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள்:

- காப்பு எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த நாட்டில் இருக்கும்போது தொடங்கும்?
- இந்த நோய்களும் இந்த மருந்துகளும் எனக்கு உண்டு. எவை ஏற்கப்படும், எவை விலக்கப்படும்?
- என் உடல்நிலை மோசமானால் புதுப்பிக்க மறுக்கவோ, எனக்கு மட்டும் பிரீமியத்தை உயர்த்தவோ முடியுமா?
- வேலையோ விசாவோ மாறினால் பாலிசி தொடருமா?
- இந்த ஆவணம் என் விசா அலுவலகம் கேட்கும் நிபந்தனைகளை நிறைவு செய்கிறது என்று சான்று தருவீர்களா?

மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் தராத நிறுவனத்தை நான் ஒதுக்கிவிடுவேன். பதில்களைச் சேமித்து வையுங்கள். பின்னாளில் தகராறு வந்தால் உங்களுக்காகப் பேசுவது அவைதான்.

படி 9: தேதிகளைக் கோத்து, பிறகு கிளம்புங்கள்

ஒரு நாட்காட்டியில் மூன்று தேதிகளைக் குறியுங்கள்: பழைய காப்பு முடியும் நாள், விமானம் இறங்கும் நாள், புதிய காப்பு தொடங்கும் நாள். நடுவில் ஒரு நாள் காலியாக இருந்தாலும் அதைத் தற்காலிகக் காப்பினால் மூடுங்கள். நிறுவனக் காப்பீடு வரும் என்றால் எப்போது என்று மனிதவளத் துறையிடம் தேதியாகவே கேளுங்கள். அமெரிக்காவில் நிறுவனங்கள் சட்டப்படி 90 நாள் வரை காத்திருக்க வைக்கலாம். பழைய பாலிசியை, புதியதன் அட்டையும் எண்ணும் கைக்கு வந்து, அது நடைமுறைக்கு வந்துவிட்டது என்று உறுதியான பிறகே ரத்து செய்யுங்கள். திரும்பிவர வாய்ப்பிருந்தால் ரத்து செய்யாமல் தொடர்வது நல்லது. வயது கூடியபின் புதிதாகச் சேரும்போது காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

முந்தைய காப்பீட்டின் சான்று, தடுப்பூசி அட்டை, மருத்துவ அறிக்கைகள், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருந்துச்சீட்டு ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். மருந்தை எடுத்துப் போவதற்கும் விதிகள் உண்டு. கோடீன், டிரமடால் கலந்த வலி மருந்துகளுக்கு அமீரகத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. சில ஊக்க மருந்துகள் ஜப்பானில் முற்றிலும் தடை. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைதானே என்று நினைத்து எடுத்துப் போய் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

படி 10: இறங்கிய முதல் வாரமும், வேலை மாறும் நாளும்

முதல் வாரத்தில் முகவரிப் பதிவு, காப்பீட்டுப் பதிவு, குடும்ப மருத்துவரிடம் பதிவு ஆகிய மூன்றையும் முடியுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே குடும்ப மருத்துவரைப் போய்ப் பாருங்கள். பிரிட்டன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் சிறப்பு மருத்துவரிடம் போக அவருடைய பரிந்துரைக் கடிதம்தான் வழி. காப்பீட்டு எண், அவசரத் தொலைபேசி எண், மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் குடும்பத்தில் எல்லாரிடமும் கொடுங்கள்.

வேலை மாறும்போது மறுபடியும் அதே இடைவெளி வாய்பிளந்து நிற்கும். ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே பழைய காப்பு எந்த நாளோடு முடிகிறது, புதியது எந்த நாளில் தொடங்குகிறது என்று கேளுங்கள். அமெரிக்காவில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தைவிட்டு விலகுகிறவர், முழுப் பிரீமியத்தையும் தானே கட்டிப் பழைய காப்பைப் பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம். முடிவெடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. கடைசி நாளில் சேர்ந்தாலும், பின்பாக்கிப் பிரீமியத்தைக் கட்டினால், காப்பு விட்ட இடத்திலிருந்தே பின்தேதியிட்டுத் தொடங்கும். இந்த உரிமையைத் தெரிவிக்கும் அறிவிப்புக் கடிதம் பழைய முகவரிக்குப் போய்விடாமல் இருக்க, வீடு மாறிய அன்றே நிறுவனத்துக்குப் புதிய முகவரியை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.